ஊர்க் கண்மாயை மேப்பில் ஏற்றுகிறேன்: இதுவரை நடந்தது

போனில் வழி பார்க்க எல்லாரும் வைத்திருக்கிற மேப்தான் என்னிடமும் இருந்தது. இன்னும் இருக்கிறது, அழித்துவிடவில்லை. மதுரைக்குள் எந்த ரோட்டில் நெரிசல் என்று பார்க்க அதுதான் சரி. ஆனால் மேலூர் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டால் ஒரு பச்சைத் திட்டு, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் ஊர். அந்தக் கோடும் கண்மாய்க் கரையில் போய் முடியும். கூரியர் கொண்டுவருகிற பையன் கரைமேல் நின்றுகொண்டு "அண்ணே, இதுக்கு மேல வண்டி போகாதுண்ணே" என்று போன் போடுவதும், நான் போய்க் கூட்டிவருவதும் வழக்கமாகிப்போனது. அந்தச் செயலிக்குள்ளேயே திருத்தம் அனுப்பிப் பார்த்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

சரி, நாமே வரைகிற மேப் ஒன்று இருக்கிறதே என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் வந்தேன். பெயர் எனக்குப் புதிதில்லை. 2015 வெள்ளத்தின்போது சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஆளாளுக்குக் குறித்துக்கொண்டிருந்த ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது இதன்மேல் கட்டியதுதான். அன்றைக்குப் பத்துப் பேருக்கு அனுப்பியதோடு சரி, வரைகிறவர்கள் யார், எப்படி வரைகிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அந்த நாட்டு அரசின் வரைபடத் தரவை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றிருந்த காலம், அப்படியானால் நாமே நடந்து அளந்து வரைந்துகொள்வோம் என்று கிளம்பியவர்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வரையலாம், வரைந்து சேர்ந்த தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவேண்டும், அந்தத் தரவைத் திருத்தி வெளியிட்டால் அதையும் அதேபோலத் திறந்துவிடவேண்டும். 2012-லிருந்து இதுதான் உரிமம்.

சித்திரை, வைகாசி

முதலில் தெருக்கள். இதற்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு ஆண்ட்ராய்டு செயலி, கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-ட்ராய்டிலும் கிடைக்கும், பிளே ஸ்டோரிலும் கிடைக்கும். வரைபட இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். நீங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி எது விட்டுப்போயிருக்கிறதோ அதைக் கேள்வியாகக் கேட்கும், பதிலைத் தொட்டால் போதும். இந்த ரோடு தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா, மண்ணா? இரவில் விளக்கு எரியுமா? இந்தக் கடை என்ன கடை? காலையில் பால் வாங்கப் போகிற நேரத்தில் ஒரு தெரு முடிந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்து வைஃபை கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும்.

கேள்விகளில் சில நம் ஊருக்கு ஒட்டாது. கட்டடத்தின் கூரை என்ன வடிவம் என்று கேட்கும், ஓட்டு வீட்டுக்கு முன்னால் தகரக்கொட்டகை, அதற்கு மேல் பாதி மாடி, எதைச் சொல்வது? வேண்டாத கேள்வி வகைகளை நிறுத்திவைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது, நான் கூரையை நிறுத்திவிட்டேன். டீக்கடை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதற்குக் கடைக்காரரிடமே கேட்டேன். "காலைல நாலரை, பால் தீர்ற வரைக்கும்" என்றார். அதை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டேன்.

தெருப்பெயர்தான் இழுவை. களத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போடு என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது விதி, பலகையில் உள்ளபடி எழுதவேண்டும். எங்கள் ஊரில் பலகை இருக்கிற தெருக்கள் குறைவு, இல்லாத தெருக்களுக்கு வாயில் வழங்குகிற பெயர் பெரும்பாலும் சாதிப் பெயர். 2025 அக்டோபரில்தான் தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி அரசாணை வந்தது. நான் எழுதி ஏற்றிவிட்டால் பத்து செயலிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், பஞ்சாயத்து புதுப்பெயர் வைத்தாலும் பழையது அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பலகை வருகிற வரைக்கும் கோடு மட்டும், பெயர் இல்லை. என் தங்கச்சி மகளுக்கு இதில் உடன்பாடு கிடையாது. "மாமா, போஸ்ட்மேன் எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டாள். போஸ்ட்மேன் மேப் பார்த்தா வருகிறார் என்றேன். இன்னும் தீரவில்லை அந்தப் பேச்சு.

ஆனி, ஆடி

தெரு ஓரளவு நிரம்பியதும் கண்மாய்க்கு வந்தேன். உண்மையில் இதற்காகத்தான் இறங்கியதே.

கண்மாயைப் போனில் வரைய முடியாது, கணினி வேண்டும். உலாவியிலேயே திறக்கிற ஐடி எடிட்டர் ஒன்று, தனியாக நிறுவிக்கொள்கிற ஜோசம் ஒன்று. ஜோசம் ஜாவாவில் ஓடுவது, பார்க்கப் பழங்காலத்து மென்பொருள் மாதிரி இருக்கும், பழகிவிட்டால் விடமுடியாது. நாலு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருந்தேன், அதில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பின்னணியில் செயற்கைக்கோள் படத்தை வைத்து அதன்மேல் கோடு இழுக்கவேண்டும். கிடைத்த படத்தையெல்லாம் வைத்து இழுத்துவிட முடியாது. அனுமதி இருக்கவேண்டும். பிங் படங்களின் மேல் வரைந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் 2010-ல் அனுமதி கொடுத்தது, எஸ்ரி என்ற வரைபட நிறுவனத்தின் படங்களும் உண்டு. வேறு மேப்பைப் பார்த்து அதில் உள்ளதை எடுத்து எழுதுவது அறவே கூடாது. வருவாய்த்துறைப் புலப்படத்தைப் பார்த்து இழுத்தால் என்ன என்று ஒருத்தர் கேட்டார், உரிமம் தெளிவாக இல்லாத எதையும் தொடக்கூடாது என்பதுதான் பதில்.

படத்தைத் திறந்தால் அடுத்த சிக்கல். ஒரு படத்தில் எங்கள் கண்மாய் கரை தொட்டுத் தண்ணீராக நிற்கிறது. இன்னொன்றில் வெறும் வெடித்த மண், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம், நடுவில் மாட்டுத்தடம். இரண்டும் எங்கள் கண்மாய்தான், எடுத்த மாதம் வேறு. பெரியாற்றுத் தண்ணீர் வருகிற கண்மாய் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, எங்களுடையது மழையை மட்டும் நம்பினது, கார்த்திகையில் நிறைந்தால் பங்குனிக்குள் முடிந்துவிடும். அப்படியானால் எந்த ஓரத்தைத் தண்ணீரின் எல்லையாக இழுப்பது? நான் கலுங்கு மட்டத்தை வைத்தேன். நிறைந்த கண்மாயில் தண்ணீர் கலுங்கைத் தாண்டித்தான் வழியும், அதற்கு மேல் ஏறாது, ஆக அதுதான் முழுக்கொள்ளளவு. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்காத நீர்நிலைக்கென்று இன்டர்மிட்டன்ட் என ஒரு குறிச்சொல் இருக்கிறது, அதைச் சேர்த்தேன். சேர்த்தால் மேப்பில் முழு நீலமாக இல்லாமல் வேறு கோலத்தில் காட்டும்.

இன்னொன்று, செயற்கைக்கோள் படமே நாலைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். படத்தை நம்பி இழுத்தால் ரோடு அடுத்த வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். அதனால் இதே மேப்பை வைத்து ஓடுகிற ஓஸ்மேண்ட் செயலியில் தடம் பதிவை ஓடவிட்டுக்கொண்டு கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தேன். திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஓரளவு நன்றாகவே பிடிக்கும், ஆலமரத்தடியில்தான் தடுமாறும். அந்தத் தடத்தை லேப்டாப்பில் ஏற்றி, படத்தை அதற்கு இழுத்து ஒட்டவைத்து, அப்புறம் வரைவது.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். போனை நீட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"என்னப்பா, அளக்குறியா? ஆக்கிரமிப்பு எடுக்க வர்றாகளா?"

"இல்லய்யா, மேப்புல கண்மாயைப் போடுறேன்."

"கவர்மென்ட்ல சொன்னாகளா?"

"இல்லய்யா, நானா போடுறேன்."

"நீயாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சம்பளம் உண்டா என்றார், இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவருக்குப் பரிதாபமோ என்னவோ, மாட்டை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை படத்தில் இரண்டுதான் தெரிந்தது. அவர் கருவேலத்துக்குள் கையைக் காட்டி, "நடு மடைய விட்டுட்டியே" என்றார். முள்ளை விலக்கிப் போனால் கல் தூண் இரண்டு, குறுக்கே பலகைக்கல், அதில் ஓட்டை, அடைப்புக் கட்டை மட்கிப்போய்க் கிடந்தது. செயற்கைக்கோளுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியாது, மேலே முழுக்க முள். அங்கேயே நின்று போனில் ஒரு புள்ளி வைத்தேன், போட்டோவும் எடுத்துக்கொண்டேன். இதிலிருந்து யார் யார் வயலுக்குத் தண்ணீர் பாயும், எந்த வருஷத்தோடு இந்த மடையைத் திறப்பது நின்றுபோனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதையெல்லாம் போட மேப்பில் இடமில்லை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மடைக்கு ஒரு குறிச்சொல் இருக்கிறது, கலுங்குக்கும் இருக்கிறது, கரைக்கும் இருக்கிறது. தமிழ்ப் பெயர் எழுதத் தனி இடமும் உண்டு, மேலமடை, நடுமடை என்று தமிழிலேயே ஏற்றினேன்.

ஆவணி

ஏற்றிய சில நாளில் ஒரு கேள்வி வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு முறை சேமிப்பதும் ஒரு தொகுப்பாக எல்லார் கண்ணுக்கும் தெரியும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அழியாது, எந்தத் தொகுப்பின் கீழும் யாரும் கேள்வி கேட்கலாம். சுயவிவரத்தில் ஜெர்மனி என்று போட்டிருந்த ஒருவர் கேட்டிருந்தார்: நீங்கள் வரைந்திருக்கிற நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் படத்தில் புதராகத் தெரிகிறதே, எதை வைத்து இந்த எல்லை? மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். முதலில் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை, எங்கள் கண்மாயைப் பற்றி அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன கேள்வி என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், கேட்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம்தானே. முன்பு நான் அனுப்பிய திருத்தத்தை ஒரு மனிதர் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. கலுங்கு மட்டம், வடகிழக்குப் பருவமழை, இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, அந்த விளக்கத்தைச் சுருக்கி நீர்நிலையின் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர் எல்லையைச் சுருக்கிவிடமாட்டார் என்றார். நல்ல யோசனை, செய்துவிட்டேன்.

செயலி பற்றி

வரைந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். போன் செயலிகளில் அப்படி இல்லை, அவர்கள் புதிய தரவைத் தொகுத்து வெளியிடும்போதுதான் வரும். நான் வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ் வைத்திருந்தேன், வேண்டிய பகுதியை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் ஓடும், விளம்பரம் கிடையாது. அதற்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. மேப்ஸ்.மீ என்று ஒரு செயலி இருந்தது, 2014-ல் ரஷ்யாவின் மெயில்.ரு வாங்கியது, 2020-ல் மறுபடி கைமாறியது, அதன்பின் அதை முதலில் உருவாக்கியவர்களே மூலநிரலை எடுத்துக்கொண்டு ஆர்கானிக் மேப்ஸ் என்று பிரிந்தார்கள். 2025-ல் அதிலிருந்தும் நிர்வாகம் பற்றிய கருத்து வேறுபாட்டில் ஒரு கூட்டம் பிரிந்து கோமேப்ஸ் என்று தனியாகப் போட்டது. நம் ஊர்க் கட்சிகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

நான் இப்போது கோமேப்ஸில் இருக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்லி மாறவில்லை, பார்க்கலாமே என்று போட்டேன், அப்படியே இருந்துவிட்டேன். மாறியபோது நான் எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அதில் தேடினாலும் நடுமடை இருந்தது, தங்கச்சி மகள் வைத்திருக்கிற ஓஸ்மேண்டிலும் இருந்தது. செயலி பிரியலாம், விற்கலாம், மூடலாம், அடியில் இருக்கிற தரவு யார் வீட்டுச் சொத்தும் இல்லை. எந்தச் செயலி வைத்துக்கொள்வது என்பதை இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிந்தது இங்கேதான். வாட்ஸ்அப்பை விட்டு வா என்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

குறையும் சொல்லவேண்டும். நெரிசல் நிலவரம் கிடையாது. தேடலில் தமிழ் எழுத்து கொஞ்சம் மாறினாலும் கிடைக்காது. டவுனுக்குள் கடைகள் பாதிக்கூட இல்லை, ஏனென்றால் யாரும் போடவில்லை. என் வீட்டில் வேறு யாரும் இதற்கு மாறவில்லை, மாறச் சொல்லவும் இல்லை. கூரியர் பையனுக்கு மட்டும் கோமேப்ஸ் போட்டுக்கொடுத்தேன். கரைமேல் நிற்பது நின்றுபோனது, இப்போது நேராக வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கிறான். பெட்டிக்கடைக்குப் பின்னால் போகிற சந்து மேப்பில் இல்லையே என்று அவனே ஒருநாள் சொன்னான். ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டை அவன் போனிலும் ஏற்றிக்கொடுத்திருக்கிறேன், செய்கிறானா தெரியாது, அவனுக்கு நேரம் ஏது.

இனி பாக்கி இருப்பது வரத்துக்கால். கண்மாயை வரைந்துவிட்டேன், ஆனால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மேப்பில் இல்லை, தனித் தீவு மாதிரி நிற்கிறது. மேலே உள்ள கண்மாயின் கலுங்கு வழிந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர், அதற்கும் மேலே இன்னொன்று. ஓடை கண்ணில் தெரிகிற வரைக்கும் படத்தை வைத்து இழுத்துவிட்டேன். செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம் அது எங்கே திரும்புகிறது என்பது தெரியவில்லை, மண்ணடித்து மூடியிருக்கிறார்கள் என்று ஒருத்தர் சொல்கிறார், குழாய் போட்டிருக்கிறார்கள் என்று இன்னொருத்தர். ஐப்பசி மழையில் தண்ணீர் ஓடும்போது போய்ப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். சூளைக்காரர் உள்ளே விடுவாரா என்று முதலில் கேட்கவேண்டும், பெரியவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.