பேரரசரின் கொடிவழிப் படம்: எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுப் போங்கள்

புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காக ஜெர்மன் ஓவியர் டியூரரும் கூட்டாளிகளும் உருவாக்கிய, அவருடைய கொடிவழியும் அடங்கிய 'கௌரவ வளைவு' அச்சோவியத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், அருங்காட்சியகத்துக்குத் தரும் விண்ணப்பத்தில் தலைப்போடு பதிப்பையும் எழுதுங்கள். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓரத்திலாவது எழுதுங்கள்.

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் (பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது) முன்பதிவும் பேராசிரியரின் கடிதமும் சுலபமாகவே முடிந்தன. வாசலில்தான் மடக்கினார்கள். பாஸ்போர்ட் போதாதாம், முகவரிச் சான்றும் வேண்டுமாம். மின்னஞ்சலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறைக்கு ஓடி வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவருவதற்குள் காலைப்பொழுது போயிற்று. மாக்சிமிலியனுக்கு முன்னோர்களைத் தேடித் தர யாக்கோப் மென்னல் என்ற அறிஞர் மடாலயம் மடாலயமாக ஏறி இறங்கினார். எனக்கு அப்படி ஆள் யாருமில்லை.

கடைசியில் மேசைக்கு வந்ததோ 1799இல் வியன்னாவில் பார்ட்ஷ் என்ற அச்சோவிய அறிஞர் வெளியிட்ட மறு அச்சு! நான் கேட்டது 1517-18இல் வந்த முதல் அச்சு. "படம் ஒன்றுதானே, இணையத்திலேயே இருக்கிறதே" என்றார் ஊழியர். ஒன்றில்லை ஐயா. கல்லில் வளைவு கட்டப் பணமில்லாத பேரரசர், தன் குலப்பெருமையைச் சுவர்களில் ஒட்டிக் காட்டுவதற்காக 195 மரக்கட்டைகளில் செதுக்கவைத்தது இது. அவர் காலத்துத் தாளைத்தான் நான் பார்க்க வேண்டும்.

நல்லவேளையாக மூத்த ஊழியர் ஒருவர் பழைய அட்டைப் பட்டியலைப் புரட்டி, முதல் அச்சு வேறு எண்ணில் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். ஒட்டிச் சட்டமிட்ட பிரதி மூன்று மீட்டருக்கு மேல் உயரம், அதை யாரும் இறக்கித் தர மாட்டார்கள். உதிரித் தாள்களைக் கேளுங்கள், அதிலும் கொடிவழி இருக்கும் நடுக் கோபுரத் தாள்களை மட்டும்.

மறுபடி போய்ப் பார்த்தேன், அலைந்தது வீண்போகவில்லை. அடியில் ட்ராய் (கிரேக்கக் காவியங்களில் வரும் நகரம்), சிகாம்ப்ரியா, பிரான்சியா என்ற இடங்களைக் குறிக்கும் மூன்று பெண்ணுருவங்கள், அவர்களுக்கு மேல் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் முதல் கிறிஸ்தவ அரசர் குளோவிஸ். அங்கிருந்து கிளை கிளையாக ஏறி, உச்சியில் அரியணையில் மாக்சிமிலியன். ட்ராய் வரைக்கும் உறவு கொண்டாடும் துணிச்சலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

பேனாவை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள், பென்சில் கொண்டுபோங்கள். உருப்பெருக்கி உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.