வயற்பாதைக்கு விட்ட இடைவெளி

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீதி வேலையில் மேற்பார்வையாளராக நின்றேன். வீதி உயரத்தில், வயல் பள்ளத்தில். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வெள்ளம் வீதியோரத்தைத் தொடும். அங்கேயிருந்த வளைவில் இரும்புத் தடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது வயற்கார ஐயா ஒருவர் வந்து நின்றார்.

"மாடு பூராமல் இருக்கவோ தம்பி, இல்லாட்டி யானைக்கோ?"

"வாகனத்துக்கு ஐயா."

"இந்தத் தகரம் வாகனத்தை மறிக்குமோ?"

சரியான கேள்வி. தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். அசையாத மதில் என்றால் வாகனத்தில் இருப்பவருக்கு அந்த அடியே போதும். தகடு நெளிந்து, தூண் சாய்ந்து, வாகனத்தை வீதியின் போக்கிலேயே திருப்பிவிட வேண்டும். வீதித் தடுப்புகளுக்கான அமெரிக்காவின் 'மாஷ்' பரிசோதனையில் 2270 கிலோ பிக்கப் ஒன்றை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், 25 பாகைக் கோணத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். மண் ஏற்றிய டிப்பருக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

நெளிவதற்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். தடுப்பை ஒட்டி மரமோ மின்கம்பமோ நின்றால் பயனில்லை. தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கட்டை வைப்போம். அது இல்லாவிட்டால் சில்லு தூணில் கொளுவும். தகடுகளின் ஒட்டும் அப்படித்தான். வாகனம் வரும் பக்கத்துத் தகடு அடுத்ததை மூடி மேலே விழ வேண்டும். மழை உள்ளே போகாமல் கிடுகு வேய்வதைச் சொன்னதும் வேலையாட்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பிழை விட்டது நான். அதே ஐயா, "லான்ட்மாஸ்டர் வயலுக்குள் இறக்க வழி விடு தம்பி" என்று தன் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்காகக் கேட்டார். நியாயமான கேள்வி. வரைபடத்தில் தடுப்பு தொடர்ச்சியாக இருந்தது. அவருக்காக ஒரு தகட்டைக் கழற்றிக்கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்த எஞ்சினியர் ஒன்றும் பேசவில்லை. பிக்கப்பின் சாரதி இருக்கையில் என்னை இருத்தி, வண்டியை அந்த இடைவெளிக்கு நேரே மெல்ல உருட்டச் சொன்னார். தகட்டின் வெறும் முனை பொனற்றுக்கு நேரே நின்றது. அதற்குப் பின்னால் என் நெஞ்சு. வளைந்து காக்க வேண்டிய தகடு, முனையில் அடிபட்டால் ஈட்டியாக உள்ளே வரும் என்பதைப் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். ஓர் இடைவெளி விட்டால் இரண்டு முனை பிறக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

அப்புறம் வழியை மூடவில்லை. ஐயாவுக்கு வயல் வேண்டுமே. ஒரு முனையை வயற்பாதைக்குள் வட்டமாக வளைத்துப் பிடித்தோம். மற்றதை வீதியைவிட்டு விலக்கிக்கொண்டுபோய் மண்மேட்டுக்குள் புதைத்து இறுக்கினோம். மூன்று நாள் வேலை.

இப்போதும் மாரி முடிந்து அந்த வழியால் போனால் இறங்கி, தூண்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்ப்பேன். தூணைப் பிடித்திருப்பது பின்னால் உள்ள மண்தான். வன்னி மழைக்கு முதலில் கரைவதும் அதுதான். போன தையில் வளைவின் நடுவில் ஒரு தூண் ஆடியது. பின்னால் கிரவல் ஒரு முழத்துக்கு அரித்துப்போய்த் தூணின் அடி தெரிந்தது. அலுவலகத்துக்கு அன்றே அறிவித்தேன். மாசியிலும் போய்ப் பார்த்தேன், கிரவல் இன்னும் போடவில்லை. திரும்பவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.