ஹெச்.ஈ.ஓ.ஆர். ஃபெலோஷிப்: இரண்டு வருடமும் ஒரு சைபரும்

"மறுபடியும் படிக்கப் போறியா? ஒனக்கு எப்பதான்டி படிப்பு முடியும்?" 2019 டிசம்பரில் அம்மா போனில் கேட்டது. நியாயமான கேள்விதான்.

கல்யாணமாகி நியூ ஜெர்ஸிக்கு வந்தபோது கையில் நம்மூர் பி.ஃபார்ம் இருந்தது. நாலு வருடப் படிப்பு. 2003க்குப் பிறகு பட்டம் வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் அமெரிக்காவில் பார்மசிஸ்ட் உரிமத் தேர்வுப் பக்கம் போக வேண்டுமானால் ஐந்து வருடப் படிப்பு வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வருடக் குறைக்காக இன்னொரு நாலு வருடம் ஃபார்ம்.டி. படித்தேன். அது முடியப் போகிற நேரத்தில், கடைகளில் பார்மசிஸ்டாகச் சேர்ந்தால் கிடைக்கிற சம்பளத்தில் பாதிகூடத் தேறாத உதவித்தொகைக்கு இரண்டு வருட ஃபெலோஷிப், அதாவது வேலைப் பயிற்சிக்குப் போகிறேன் என்றால், அம்மா கேட்காமல் யார் கேட்பார்கள்? வீட்டுக்காரர் மட்டும், "ரெண்டு வருஷம்தானே, பார்த்துக்கலாம்" என்றார்.

மருந்து வேலை செய்கிறதா என்று ட்ரையலில், அதாவது மருந்துச் சோதனையில், பார்த்துவிடுகிறார்கள். வேலை செய்கிறது, சரி, கொடுக்கிற காசுக்குத் தகுந்த பலன் இருக்கிறதா? ட்ரையலுக்கு வெளியே நிஜ ஆட்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, சாப்பிட்டு எப்படி இருக்கிறார்கள்? இதைக் கணக்குப் போடுவதுதான் மருத்துவப் பொருளாதாரமும் பயன் ஆய்வும். ஹெச்.ஈ.ஓ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். இந்தக் கேள்வி எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அப்பா விருதுநகரில் மெடிக்கல்ஸ் வைத்திருந்தார். டாக்டர் முப்பது மாத்திரை எழுதியிருப்பார். வந்தவர் சீட்டை நீட்டி, "அஞ்சு நாளைக்கு மட்டும் குடுங்க அண்ணாச்சி" என்பார். அப்பா கத்தரிக்கோலால் அட்டையை நறுக்குவார். இந்த ஆள் மிச்ச இருபத்தைந்து நாள் என்ன செய்வார் என்று எனக்குள் ஓடும். அதற்கு ஒரு துறையே இருக்கிறது என்று தெரிய இத்தனை வருடம் ஆனது. 2019 மே மாதம் சோல்ஜென்ஸ்மா என்ற மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு தடவை போடும் மருந்து, விலை 21.25 லட்சம் டாலர். வகுப்பில் அன்று முழுக்க அது தகுமா தகாதா என்று சண்டை. நான் அந்தச் சண்டையிலேயே தங்கிவிட்டேன்.

விண்ணப்பம் இலையுதிர் காலத்தில் தொடங்கும். ஒரு கடிதம், சி.வி., மூன்று பரிந்துரைக் கடிதங்கள், சில இடங்களில் எழுத்து மாதிரி. இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது அறிவிப்பில் விசா பற்றிய வாக்கியம். 'ஸ்பான்சர் செய்ய மாட்டோம்' என்று பல இடங்களில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு ஹெச்-4 (வீட்டுக்காரரின் வேலை விசாவோடு வரும் துணைவர் விசா) வேலை அனுமதி அட்டை இருந்தது, அதனால் தப்பித்தேன். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கடிதம் எழுதி முடித்த பிறகு கேட்காதீர்கள், எழுதுவதற்கு முன்பே கேளுங்கள். என் தோழி ஒருத்தி இறுதிச் சுற்று வரை போய்விட்டு, இந்த ஒரே காரணத்துக்காகத் திரும்பினாள்.

டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவமனைப் பார்மசிஸ்டுகள் சங்கத்தின் மாநாடு, மிட்-இயர் என்பார்கள். அந்த வருடம் லாஸ் வேகஸில். மாநாட்டுக்குள்ளேயே பெரிய கூடத்தில் வரிசையாக மேசை போட்டு மருந்துக் கம்பெனிகளின் நேர்காணல் நடந்தது, அரை மணிக்கு ஒரு ஆள். எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட்டு, வக்கீல் சங்கத் தேர்தல் நாள் மாதிரி. வெளியே சூதாட்ட மெஷின்கள் கிணுகிணுத்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லா மேசையிலும் அதே மூன்று கேள்விகள்: ஏன் இந்தத் துறை, ஏன் ஃபெலோஷிப், ஏன் எங்கள் கம்பெனி. முதல் இரண்டுக்கும் அப்பாவின் கத்தரிக்கோல் போதும். மூன்றாவதுக்கு வீட்டுப்பாடம் செய்திருக்க வேண்டும். நான் ஒரு இடத்தில் செய்யவில்லை, அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

இன்னொரு மேசையில், "ஐசரைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்றார்கள். எனக்கு ஐசர் என்றால் ஒரு விகிதம். புது மருந்துக்குக் கூடுதலாக ஆகும் செலவை, கூடுதலாகக் கிடைக்கும் பலனால் வகுத்தால் வருவது. உற்சாகமாக விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் விட்டுப் பிடித்து, "நான் கேட்டது பாஸ்டனில் இருக்கிற நிறுவனத்தை" என்றார் கேள்வி கேட்டவர். அதே பெயரில் ஒரு அமைப்பு உண்டு. மருந்து விலை நியாயமா என்று அறிக்கை போடுகிறவர்கள், ஒரு குவாலிக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் டாலர் வரை என்று அளவுகோல் வைத்திருக்கிறவர்கள். குவாலி என்பது முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு வருடத்துக்குச் சமமான அலகு. சிரித்துச் சமாளித்தேன். ஆறு இடத்துக்குப் போட்டேன், நாலு இடத்தில் முதல் சுற்று, இரண்டில் இறுதிச் சுற்று, ஒன்றில் வேலை. கிடைத்தது அந்த ஐசர் மேசையில்தான். ஏனென்று இன்றுவரை கேட்கவில்லை.

2020 ஜூலையில் சேர்ந்தேன். கொரோனா. முதல் வருடம் பல்கலைக்கழகம், இரண்டாம் வருடம் கம்பெனி என்று ஏற்பாடு. ஆனால் முதல் வருடம் முழுக்க எங்கள் படுக்கையறை மூலையில்தான் கழிந்தது. புள்ளியியல் வகுப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கஷ்டமாக இருந்தது, முடித்தேன்.

சைபர் கதைக்கு வருகிறேன்.

என் முதல் வேலை ஒரு சர்க்கரை நோய் மாத்திரையை மக்கள் எவ்வளவு ஒழுங்காக வாங்குகிறார்கள் என்று இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் தரவில் பார்ப்பது. வருடத்தின் 365 நாளில் எத்தனை நாள் கையில் மாத்திரை இருந்தது என்று கணக்கிட்டு, 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 'ஒழுங்கானவர்' என்று வைப்பார்கள். கணினியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்த்து, இத்தனை நோயாளிகள் என்று ஒரு அட்டவணை அனுப்பினேன். என் வழிகாட்டி ஒரே வரியில் பதில் போட்டார்: "இது உனக்குக் குறைவாகத் தெரியவில்லையா?"

தெரியவில்லை. எனக்கு எது அதிகம் எது குறைவு என்றே தெரியாத காலம். மூன்று நாள் நிரலை வரிவரியாகப் படித்தேன். நிரலில் தப்பில்லை. நாலாவது நாள் மருந்துப் பட்டியலைத் திறந்து சும்மா கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மருந்துப் பொதிக்கும் என்.டி.சி. என்று ஒரு எண் உண்டு, க்ளெய்ம் தரவில் 11 இலக்கம். முதல் ஐந்து இலக்கம் கம்பெனியைக் குறிக்கும். பழைய பெரிய கம்பெனிகள் பலவற்றின் எண் சைபரில் தொடங்கும். நான் அந்தப் பட்டியலை எக்செலில் ஒரு தடவை திறந்து, சேமித்து மூடியிருக்கிறேன். எக்செல் அதை எண் என்று நினைத்து, முன்னால் நின்ற சைபர்களைத் தின்றுவிட்டது. 11 இலக்கம் 9 ஆகிவிட்டால் எதோடும் பொருந்தாது. அந்தப் பழைய கம்பெனிகளின் மாத்திரையை வாங்கியவர்கள் அத்தனை பேரும் என் ஆய்விலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தார்கள். பிழைச்செய்திகூட வரவில்லை.

அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி திட்டவில்லை. "அடுத்தது 2015 அக்டோபரைப் பார்" என்றார். பார்த்தால், அந்த மாதம் முதல் தேதிதான் அமெரிக்கா முழுக்க நோய்க்குறியீடுகள் ஐ.சி.டி.-9இலிருந்து 10க்கு மாறியிருக்கின்றன. என் தரவு அந்தத் தேதியைத் தாண்டி ஓடுகிறது, நான் எடுத்திருந்ததோ புதுக் குறியீடுகள் மட்டும். நோய் ஒன்றும் அந்த அக்டோபரில் புதிதாகப் பிறக்கவில்லை. அதன்பின் அவர் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த எண் எங்கிருந்து வந்தது?"

இரண்டாம் வருடம் மாடல் கட்டுவது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், விண்ணப்பிக்கிறவர்களுக்கு உதவும். மார்கோவ் மாடல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நோயாளிகளை மூன்று அறைகளில் வைக்கிறோம்: நலம், நோய் முற்றியது, இறப்பு. வருடத்துக்கு ஒரு தடவை மணி அடித்தால் எத்தனை பேர் எந்த அறைக்கு நகர்வார்கள் என்று எழுதுகிறோம். என் கையில் இருந்த கட்டுரையில், ஐந்து வருடத்தில் 40 சதவீதம் பேருக்கு நோய் முற்றுகிறது என்று இருந்தது. ஐந்தால் வகுத்து வருடத்துக்கு 8 சதவீதம் என்று போட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் வருடா வருடம் மிச்சம் இருக்கிறவர்களில்தான் 8 சதவீதம் நகர்வார்கள். ஐந்து வருடம் ஓட்டினால் 34 சதவீதம்தான் வரும், 40 வராது. சரியான எண் 9.7. மிச்சம் இருக்கிற 60 சதவீதத்துக்கு ஐந்தாம் மூலம் எடுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு செல். அதைத் திருத்தியதும் மருந்தின் விலை-பலன் விகிதம் எங்கேயோ போய் நின்றது. பின்னால் வரப்போகும் செலவு, பலன் இரண்டையும் வருடத்துக்கு 3 சதவீதம் குறைத்து மதிப்பிடுவது, ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் ஒன்று வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் பிறகு கை தானாகச் செய்துவிடும்.

குவாலி கணக்குக்கு இ.க்யூ.-5டி என்று ஒரு கேள்வித்தாள். நடமாட்டம், தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. மொத்தம் 3,125 விதமான உடல்நிலை. கடைசியில் 0 முதல் 100 வரை ஒரு அளவுகோலில் இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று குறிக்கச் சொல்வார்கள். பழகிப் பார்க்க அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"வலி இருக்காம்மா?"

"எப்ப இல்ல?"

"லேசாவா, ரொம்பவா?"

"ரொம்பன்னு சொன்னா என்ன பண்ணப் போற? ஒரு 65 போட்டுக்க. ஒங்கப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற அன்னிக்கின்னா 50."

அந்தக் கேள்வித்தாள் 'இன்று' என்றுதான் கேட்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் எந்த 'இன்று' கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அம்மா இதை ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். அதோடு, 50 போட்டது அப்பாவுக்கு அல்ல, தனக்கு. அப்பாவின் டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போய்வரும் பஸ் காசும், அந்த நாட்களில் அம்மா தைக்காமல் விட்ட ரவிக்கைகளும் யார் கணக்கில்? சிகிச்சைக்குப் பணம் கட்டுகிற காப்பீட்டின் பார்வையில் மாடல் கட்டினால் இதெல்லாம் சைபர். சமூகப் பார்வையில் கட்டினால் வரும். 2016இல் வந்த அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரை மருத்துவத் துறையின் பார்வையிலும் சமூகப் பார்வையிலும் செய்யச் சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான ஆய்வுகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. தரவு இல்லை என்பார்கள். கேட்டால்தானே தரவு இருக்கும் என்பது என் எண்ணம்.

நடுவில் வேலை அனுமதி அட்டை புதுப்பித்து வரத் தாமதமாகி, ஏழு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரை ஆகிவிடும். ஹெச்-4இல் இருக்கிறவர்கள் முதல் நாளே மேலாளரிடம் காலாவதித் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

2022 மே மாதம் இஸ்போர் மாநாடு, வாஷிங்டன் பக்கத்தில் நேஷனல் ஹார்பரில். இந்தத் துறையின் திருவிழா அதுதான். கொரோனாவுக்குப் பின் ஆட்களை நேரில் பார்த்த முதல் வருடம் என்பதால், பாதிப் பேருக்கு எங்கள் உயரமே அப்போதுதான் தெரிந்தது. என் ஆய்வைத் துணியில் அச்சடித்த போஸ்டரைப் பெட்டிக்குள் புடவையோடு புடவையாக மடித்து எடுத்துப் போனேன். ஒரு மணி நேரம் நின்றதில் எட்டுப் பேர் வந்தார்கள். மூன்று பேர் காபி எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் அளவுகோலைப் பார்த்துவிட்டு, "பராமரிப்பவர்களைச் சேர்க்கவில்லையா?" என்றார். சேர்க்கவில்லை. அம்மாவைக் கேட்டுவிட்டும் சேர்க்கவில்லை. கம்பெனி கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் அது இல்லை என்றேன். உண்மைதான், ஆனாலும் முகம் சூடாகிவிட்டது.

ஜூன் 30 கடைசி நாள். அதே ஊரில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது; சம்பளத்தைக் கேட்டதும் அம்மா படிப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். என் மாடலை அடுத்த ஃபெலோவிடம் ஒப்படைத்தேன், நல்ல துடிப்பான பையன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம், எப்படிக் கணக்கிட்டது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட விடவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் அழைத்தான். "அக்கா, எஃப் 27இல் 0.097 இருக்கு. இது எங்கேருந்து வந்தது?"

நல்லவேளை, குறிப்பு இருந்தது. ஆனால் எஃப் 28இல்.