ஊழியப் பயணமும் ஒரு பை உருத்திராட்சமும்

கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வரும் கிறிஸ்தவ ஊழியக் குழுக்களைப் பற்றி நிறைய அனுபவம் உண்டு, ஆனால் அது முழுவதும் அவர்களை வரவேற்கும் பக்கத்து அனுபவம். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய நான்கு வருடங்களுக்குள் எங்கள் முன்பள்ளிச் சுவர் மூன்று தடவை நிறம் மாறியது. முதலில் வந்த குழு நீலம் பூசியது, அடுத்து வந்தவர்கள் அதன்மேல் மஞ்சள் பூசினார்கள், மூன்றாவது குழு மஞ்சளின்மேல் ஒரு யானையை வரைந்துவிட்டுப் போனது. அதன் தும்பிக்கை ஜன்னல் கதவுக்கு மேலால் போனதால், காற்றுக்காக ஜன்னலைத் திறக்கும் நேரமெல்லாம் யானை தும்பிக்கை இல்லாமல் நின்றது. அந்த யானையைப் பார்த்து அதிகம் சிரித்தவள் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, 2024 மாசியில் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் பன்னிரண்டு நாள் ஊழியப் பயணமாக நேபாளம் போகிறோம் என்று போதகர் அறிவித்து, விண்ணப்பப் படிவத்தை என் கையிலும் தந்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திறமைகள் என்ற இடத்தில் 'சமையல்' என்று எழுதிக் கொடுத்தேன். சிறுவர் ஊழியத்தில் போட்டார்கள். மாசி என்றால் நெல் அறுக்கும் அருவிவெட்டுக் காலம் என்பதால் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். நேபாளத்தில் மதம் மாற்றுவது 2018 ஆவணியிலிருந்து ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம், ஆகையால் சபைக்கு வெளியே எவரும் பிரசங்கம் செய்யக்கூடாது என்று போதகர் சொன்னதைக் கேட்ட பிறகே அவருடைய முகம் மலர்ந்தது. "பன்னிரண்டு நாள் நீ வாயைத் திறக்கக் கூடாதோ? அப்ப ரிக்கற் காசில பாதியை நான் தாறன்" என்றார். மீதிப் பாதியைச் சபைச் சகோதரிகள் ஞாயிறுதோறும் ரோல்ஸும் வடையும் விற்றுச் சேர்த்துத் தந்தார்கள்.

ஆயத்த வகுப்புகளில் போதகர் எங்களை உற்சாகப்படுத்த யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் சரித்திரத்தை எடுத்தார். 1815 ஐப்பசியில் அமெரிக்காவில் பாய்க்கப்பல் ஏறி 1816 பங்குனியில் கொழும்பில் இறங்கியவர்கள், தமிழைப் படித்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள் என்றும், பிறகு வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார் என்றும் அவர் கண் கலங்கச் சொல்லி முடித்தபோது, எங்கள் குழுவிலேயே உயரமான தம்பி எழுந்து, "பாஸ்ரர், அவையளை எத்தினை கிலோ கொண்டுபோக விட்டவை?" என்று கேட்டான். பயணப் பொதியின் நிறைதான் அந்த மாதம் முழுவதும் எங்கள் எல்லோருடைய மனதையும் அழுத்திக்கொண்டிருந்தது. கிளிநொச்சி வெயிலில் குளிர் உடுப்பு எங்கே கிடைக்கும்? கனடாச் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது விட்டுச்சென்ற பச்சை ஜக்கெற் ஒன்று அலுமாரியில் இருந்தது; அது தனியே பெட்டியில் பாதியை நிறைத்தது. கருவாடு கொண்டுவரவே கூடாது என்று போதகர் மூன்று தடவை சொல்லியிருந்ததால், நெத்தலியைப் பொலித்தீனில் சுற்றிக் காலுறைக்குள் அடைத்து அந்த ஜக்கெற்றின் உட்பைக்குள் வைத்தேன்.

புறப்படும் நாளில் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பரவாயில்லைப் பிள்ளை, அது பசுபதிநாதற்ர ஊர். எனக்கு ஒரு உருத்திராட்ச மாலை வாங்கிக்கொண்டு வா. அஞ்சு முகமா இருக்கோணும்" என்றார். ஊழியத்துக்குப் போகிறவள் உருத்திராட்சம் வாங்குவது சரியா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் பயணச் செலவுக்கென்று ஒரு பை முறிகண்டிக் கச்சானையும் நீட்டினார். கச்சானை வாங்கிய பிறகு மறுப்பது எப்படி?

காத்மண்டு ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் ஏறிப் பழகிய மேடு இரணைமடுக் குளக்கட்டு மட்டுமே. அங்கிருந்து தாதிங் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றுக்கு எங்களை ஜீப்பில் ஏற்றிச்சென்ற ஓட்டுநர் அதே ஊர்க்காரர், ஒரு வார்த்தை பேசாதவர். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் ஆகாயமுமாக இருந்த வளைவுகளில் அவர் ஒற்றைக் கையால் திருப்பிய திருப்பலைப் பார்த்து, எங்கள் மூத்த சகோதரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கர்த்தாவே, இந்தக் குருடனுக்குப் பார்வையைக் கொடும்" என்று உரத்த குரலில் ஜெபித்தார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னோம். ஜீப் போகாத கடைசித் தூரத்தை அரை மணி நேர நடை என்றார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு இரண்டரை மணி நேரமாயிற்று. முதுகுக் கூடையின் பட்டியை நெற்றியில் மாட்டிக்கொண்டு விறகு சுமந்த ஒரு கிழவி என்னை முந்திக்கொண்டு மேலே போய், விறகை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதும் என்னைக் கண்டு கும்பிட்டாள்.

சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. காலை பத்து மணிக்குச் சோறும் பருப்பும், இரவு ஏழு மணிக்குப் பருப்பும் சோறும். மூன்றாம் நாள் நாக்கு தாங்காமல் நெத்தலியை எடுத்து வீட்டு அம்மாவின் அடுப்பில் இரகசியமாகப் பொரித்தேன். அந்த வாசனை இரகசியத்தைக் காக்கவில்லை. போதகர் வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். வீட்டு அம்மாவோ மூக்கைப் பொத்துவார் என்று நான் பயந்திருக்க, சிரித்துக்கொண்டே உள்ளே போய், சித்ரா என்று அவர்கள் சொல்லும் தங்கள் ஊர்க் கருவாட்டைப் போத்தலோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அன்று இரவு எல்லோரையும்விட அதிகம் சாப்பிட்டவர் போதகர்.

வெள்ளிக்கிழமை மாலைதான் பேரிடி விழுந்தது. இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயுவின் நாடகத்தை ஞாயிறு ஆராதனைக்கென்று ஆறுதலாகத் தயார்செய்துகொண்டிருந்த எங்களிடம், சபை மூப்பர் "நாளைக் காலை ஆராதனையில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு அப்போது அவர்களுக்கு வேலை நாளாக இருந்தது. ஆகவே சபைகள் சனிக்கிழமைதான் கூடுகின்றன. எத்தனை கடிதப் போக்குவரத்து நடந்தும் இரு தரப்பிலும் ஒருவருக்காவது இதைக் கேட்கவோ சொல்லவோ தோன்றவில்லை. காட்டத்தி மரத்துக்கென்று தைத்த பச்சைத் துணி, அடிவாரத்தில் விட்டுவந்த பெட்டிக்குள் இருந்தது. கடைசியில் உயரமான தம்பிக்குக் கனடாச் சித்தப்பாவின் ஜக்கெற்றை மாட்டி அவனையே மரமாக்கினோம். நெத்தலி மணம் வீசிய ஒரே காட்டத்தி மரம் அதுவாகத்தான் இருக்கும். இலங்கையைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியிருக்கும் நேபாள நேரத்துக்காக மணிக்கூட்டைத் திருப்புவது வீண்வேலை என்று நினைத்திருந்த நான், சகேயு மரமேறிய பின்னர்தான் உள்ளே நுழைந்தேன்.

நாடகத்துக்குப் பிறகு கருத்துச் சொல்வது என் பொறுப்பு. நான் தமிழில் சொல்ல, போதகர் ஆங்கிலத்தில் சொல்ல, மூப்பர் நேபாளியில் சொல்ல வேண்டும். நான் மூச்சுவிடாமல் சொன்ன ஒரு நீண்ட வசனம் மறுமுனையில் மூன்று சொற்களாக வெளியே வந்தது. அடுத்ததை இன்னும் நீட்டிப் பார்த்தேன். இரண்டு சொற்களே வந்தன. அப்போது பின்வரிசையிலிருந்து, "அக்கா, மரம் குளிரில நடுங்குது, கெதியா முடியுங்கோ" என்று சுத்தமான ஈழத்தமிழில் ஒரு குரல் கேட்டது. எங்கள் ஜீப் ஓட்டுநர்! கட்டாரில் எட்டு வருடம் நான்கு மட்டக்களப்புப் பெடியங்களோடு ஒரே அறையில் இருந்தவராம். மூத்த சகோதரி அதன் பிறகு ஆராதனை முடியும்வரை தலை நிமிரவில்லை. "உங்கட ஜெபத்தால நல்லாத் தெரியுது அம்மா" என்று வாசலில் அவரே வந்து ஆறுதல் சொன்னார்.

அன்று முதல் அவரே எங்கள் மொழிபெயர்ப்பாளர். ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்ட 2015 சித்திரை 25ஆம் திகதி நிலநடுக்கமும் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர்தான் வந்தது என்று அவர் சொன்னார். பாடசாலைகள் பூட்டியிருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள். ஆராதனையில் கூடியிருந்தவர்களில் பலர் தப்பவில்லை. சனிக்கிழமையை வைத்து அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த நாங்கள் அதற்குப் பிறகு விடவில்லை.

சபை நடத்தும் முன்பள்ளிக்கு வர்ணம் பூசுவதுதான் எங்கள் முக்கிய வேலை. முதல் நாள் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். எங்கள் குழுவினர் எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்து உருகிக்கொண்டிருக்க, நான் மட்டும் எங்களுக்குப் பின்னால் நின்று புருவத்தாலும் உதட்டாலும் பாட்டை நடத்திக்கொண்டிருந்த ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் கொட்டாவி விட்ட பையனை அவள் பார்த்த பார்வை, நான் பல வருடம் பார்த்த அதே பார்வை. பிறகு ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பாட்டை மாதத்தில் எத்தனை தடவை பாட வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டாள். "நாங்கள் மூன்று தடவை பாட வைத்தோம்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எங்கள் யானைக் கதையையும் சொன்னேன். சிரித்து முடிந்த பிறகு, சுவரில் மிருகங்கள் எதுவும் வேண்டாம், கீழ்ப்பாதிக்குக் கரும்பலகை பெயின்ற் அடித்தால் பிள்ளைகள் எழுதிப் பழகலாம் என்று மெதுவாகச் சொன்னாள். நோவாவின் பேழையை இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளோடு கடதாசியில் வரைந்து வைத்திருந்த எங்கள் இளைஞர்கள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேழை கிளிநொச்சிக்கே திரும்பி வந்தது.

கடைசி நாள் காத்மண்டுவில், பசுபதிநாதர் கோயிலுக்கு அண்மையில் இருந்த கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஒருவரும் அறியாமல் நழுவி உருத்திராட்சக் கடைக்குப் போனேன். அங்கே மூத்த சகோதரி ஏற்கெனவே விலை பேசிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் மரத் தம்பியும் வந்து சேர்ந்தான். எட்டுப் பேருக்கும் எட்டு வேலிகளுக்கு மேலால் சொல்லிவிடப்பட்டிருந்தது. போதகர் மட்டும் ஜீப்பிலேயே இருந்து, தன் வீட்டு உரிமையாளருக்கு இரண்டு மாலை என்று சொல்லிக் காசைக் கொடுத்தனுப்பினார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி போதகருடைய பையைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் நம்பிக்கையோடு அவரிடமே சேர்த்துக் கொடுத்திருந்த ஒன்பது உருத்திராட்ச மாலைகளும், அவற்றின் கீழே பரிசுத்த வேதாகமமும் இருந்தன. "யாத்திரை போய் வருகிறீர்களா?" என்று அதிகாரி பக்தியோடு கேட்டார். "ஓம்" என்று போதகர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

விடியற்காலை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மாமி வேலியடியில் நின்றார். மாலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் திருப்பி எண்ணினார். பன்னிரண்டு நாள் கதையை நான் எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க, அவர் தலையை நிமிர்த்தி, "எல்லாம் சரி பிள்ளை, உதென்ன இது கருவாடு மணக்குது?" என்றார்.