கான்ஃபோகல் படத்தின் ஆழத்தைத் தீசிஸ் தாளில் காட்டுவது: என் அனுபவம்

வேலூரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்தபோது நான் எடுத்துக்கொண்டது அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து நிலக்கடலை வேரும் அதில் ஒட்டி வாழும் மைக்கோரைசா என்ற பூஞ்சையும். படத்தில் பூஞ்சை பச்சை, வேரின் செல்சுவர் சிவப்பு. கான்ஃபோகலில், அதாவது பொருளை ஆழவாக்கில் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண்ணோக்கியில், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் 40 அடுக்குகள் எடுத்து, ஃபிஜி என்ற பட மென்பொருளில் மேக்ஸிமம் புரொஜெக்‌ஷன் போட்டு ஒரே படமாக்கி ஒட்டிவிட்டேன். வைவாவில் எக்ஸாமினர் அந்தப் படத்தில் விரலை வைத்து, "இந்த இழை செல்லுக்குள்ளே போயிருக்கா, மேலே ஓடுதாம்மா?" என்றார். படத்தில் பதில் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் 40 அடுக்கில் எது அதிக வெளிச்சமோ அதை மட்டும் எடுக்கிற முறை அது, அதனால் 30 மைக்ரான் ஆழ வித்தியாசத்தில் இருப்பவைகூட ஒட்டியிருப்பது போலத் தெரியும்.

திருத்திக் கொடுத்தபோது ஆர்த்தகோனல் வியூ வைத்தேன். ஒரே ஒரு அடுக்கு பெரிதாக, அதன் கீழேயும் வலப்பக்கமும் பக்கவாட்டு வெட்டு, எங்கே வெட்டியது என்பதற்கு மெல்லிய வெள்ளைக் கோடு. ஒரே செல்லின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில், அதாவது செல்லுக்குள்ளே, பச்சை நிற்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் முதலில் ஃபிஜியின் பிராபர்ட்டீஸில் அடுக்கு இடைவெளியைச் சரியாகப் போடுங்கள், இல்லையென்றால் வேர் நசுங்கியோ நீண்டோ வரும்.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆழத்தைக் காட்டும் ஸ்டீரியோ ஜோடியும் நல்ல வழிதான். சுமார் 6 டிகிரி திருப்பிய இரண்டு படங்கள், மையத்துக்கு மையம் 6 செ.மீ.யைத் தாண்டாமல். இடது வலது மாறினால் பள்ளம் மேடாகிவிடும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கும் சிவப்பு-சயான் (நீலப்பச்சை) படம் வேண்டாம்: அதைப் பார்க்கும் நிறக் கண்ணாடி எல்லோரிடமும் இருக்காது, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் நிறம். காட்பாடியில் பிரிண்ட் போட்டபோது திரையில் மின்னிய பச்சை தாளில் பாசி மாதிரி மங்கிவிட்டது, அந்த வெளிச்சத்தை மையால் கொண்டுவர முடியாது. அதனால் ஒவ்வொரு சேனலையும் (பூஞ்சைக்கு ஒன்று, செல்சுவருக்கு ஒன்று) தனியாகச் சாம்பல் நிறத்தில் வைத்து, சேர்த்த படத்தை மட்டும் பச்சை-மெஜந்தாவில் கொடுங்கள், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது புரியும். '400 மடங்கு' என்று எழுதாமல் ஸ்கேல் பார் (இவ்வளவு மைக்ரான் என்று நீளம் காட்டும் கோடு) போடுங்கள் தம்பி தங்கைகளே. முழு தீசிஸையும் அடிக்கும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், கடையில் 'ஃபிட் டு பேஜ்' எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த 6 செ.மீ. அளவும் மாறிவிடும்.