காதிரைச்சலும் மூளைக்குக் குடுக்கிற மின்சாரமும்

எஞ்சின் வள்ளத்தின் சத்தத்தில வருசக்கணக்காப் போய்வாற எங்கட திருகோணமலை ஆக்கள் கவனிக்க வேண்டிய விசயம் இது.

காதுக்குள்ள "ங்ஙொய்" எண்டு கேக்கிற இரைச்சல் பெரும்பாலும் மூளையிலதான் உருவாகுது. சத்தத்தை உணர்ற உட்காதின் மயிர்க்கலங்கள் பழுதானா மூளைக்குப் போற சமிக்ஞை குறையும். அதை ஈடுசெய்ய மூளை தன்ர உணர்திறனைக் கூட்டும், அதுதான் இரைச்சலாக் கேக்குது. டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஸ்வென் வன்னெஸ்ட் போன்றவை மூளையை வெளியிலிருந்து தூண்டி இதைக் குறைக்கலாமா எண்டு ஆராயினம்.

மின்தூண்டலில உப்புத்தண்ணியில நனைச்ச ரெண்டு ஸ்பொஞ்சை நெற்றியின் இரு பக்கமும் வச்சு, 1.5 அல்லது 2 மில்லி அம்பியர், 20 நிமிசம் குடுப்பினம். பிழைக்கிற இடம் அந்த ஸ்பொஞ்ச்தான். காய்ஞ்சா மின்சாரம் ஒரு புள்ளியில குவிஞ்சு தோலைச் சுடும். தண்ணி வடிஞ்சா மின்சாரம் வேற இடத்துக்குப் பரவும். தயவுசெய்து 9 வோல்ட் பற்றரியில வீட்டில செய்து பாக்காதேங்கோ. வலிப்பு உள்ளவைக்கும் தலைக்குள்ள உலோகம் வச்சவைக்கும் இன்னும் ஆபத்து.

தலைக்கு வெளியில காந்தம் வச்சு மூளையைத் தூண்டுற காந்தத் தூண்டலின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படுது. 2014இல வந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் வழிகாட்டி அதை வழமையான சிகிச்சையாப் பரிந்துரைக்கேல்லை. சத்தத்தோட நாக்கையும் மின்னால தூண்டுற கருவிக்கு 2023இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சிருக்கு. அது நம்பிக்கை தருது, ஆனா எல்லாருக்கும் பலன் தராது.

முதலில பெரியாஸ்பத்திரி கிளினிக்கில கேள்திறன் சோதனை செய்யுங்கோ. ஒரு காதில மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போட சேர்ந்த இரைச்சல் எண்டா பிந்தக்கூடாது. திடீரெண்டு காது அடைச்சுக் கேக்காமப் போனா அண்டைக்கே போங்கோ. ஸ்டீரொயிட் மருந்து கூடுதலாப் பலன் தாறது முதல் ரெண்டு கிழமைக்குள்ளதான்.