சூரியன் சாயும் முன்: ரங்கூன் லெந்து நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் வீட்டில் இறைச்சி கிடையாது என்று என் கணவர் அறிவித்துவிட்டார். சமைக்கிறவள் நான், அறிவிக்கிறவர் அவர்.

போதகர் ஐயா எனக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார். ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு, பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் வரும் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசி தரிக்க வேண்டிய கவசங்களையும் பட்டயம் என்னும் வாளையும், கற்றுத்தர வேண்டும். பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு மொழிகளில் முதலாவதைப் பற்றி எட்டு நிமிடம் பேச வேண்டும். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." எனக்கு ஐந்தாவதைக் கொடுங்கள் ஐயா, 'தாகமாயிருக்கிறேன்' என்றால் இந்த ஊர் வெயிலுக்குப் பொருத்தமாகப் பேசிவிடுவேன் என்று கேட்டுப் பார்த்தேன். "டீச்சரம்மா, பட்டியல் அச்சுக்குப் போய்விட்டதே" என்றார். எங்கள் சபையில் எதுவும் அச்சுக்குப் போவதில்லை. ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவோம்.

மார்ச் 9, ஞாயிறு

வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். நான்கு பேர்தான் தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிப்பார்கள். மற்றவர்கள் தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிப்பார்கள். 'சர்வாயுதவர்க்கம்' என்ற சொல் அவர்கள் வாயில் பட்ட பாட்டைக் கேட்டிருந்தால் பிசாசே இரக்கப்பட்டிருப்பான்.

பையன்களுக்குப் பட்டயத்தின் மேல்தான் ஆசை. எத்தனை அடி நீளம், யாரை வெட்டலாம் என்று கேட்டார்கள். நான் வினைச்சொற்களை எண்ணச் சொன்னேன். 11ஆம் வசனத்தில் எதிர்த்து நிற்க, 13இல் நிற்கவும், 16இல் நில்லுங்கள். போய்த் தாக்கு என்று ஓரிடத்திலும் இல்லை. கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம் எல்லாம் 'நிற்பது' என்ற ஒரே வேலைக்காகத்தான். ஆங்கில வேதாகமத்தில் 'நில்லுங்கள்' 14ஆம் வசனத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நம் தமிழில் வினை கடைசியில் வருவதால், ஒவ்வொன்றாக உடுத்தி முடித்த பிறகு 16ஆம் வசனத்தின் முடிவில்தான் நிற்கச் சொல்கிறது. இலக்கணத்தால் வந்தது என்றாலும் எனக்குத் தமிழ் முறைதான் பிடித்திருக்கிறது.

கேடகம் என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'கதவு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ரோமப் போர்வீரனின் கேடகமும் கதவு போலத்தான் நீண்டிருக்கும். பலகையின் மேல் தோல் போர்த்தியிருக்கும். ஒருவன் கேடகம் பக்கத்து ஆளின் கேடகத்தோடு சேர்ந்தால் சுவர். இதை விளக்க ஒன்பது பிள்ளைகளையும் பாட்டுப்புத்தகம் பிடித்து வரிசையாக நிற்கவைத்தேன். இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஆவிக்குரிய யுத்தம் என்பதுதான் தலைப்பு. இரத்த அழுத்தத்துக்கு ஓர் ஆவி, கடனுக்கு ஓர் ஆவி, பிள்ளை படிக்காததற்கு ஓர் ஆவி என்று சொல்லிக்கொண்டே போனார். மின்சாரம் போனது. அதற்கும் ஏதாவது ஆவி சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. ரங்கூனில் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது என்பது அவருக்கும் தெரியும்.

சிரிப்பதற்கில்லை. முடிந்த பிறகு ஓர் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, "சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடட்டுமா டீச்சர், விசுவாசம் குறைவு என்று ஆகிவிடுமோ?" என்று கேட்டார். நிறுத்தாதீர்கள் என்றேன். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பவுல்தான் எபேசியருக்கு ஆயுதம் தரிக்கவும் சொன்னார்.

பிசாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொல்லாத ஆவிகளின் சேனைகளோடு நமக்குப் போராட்டம் உண்டு என்று எழுதியிருக்கிறது, நம்புகிறேன். ஆனால் எல்லாவற்றிலும் அவனையே பார்க்கிறவர்கள், ஆண்டவரைப் பார்க்க நேரமில்லாமல் போகிறார்கள்.

மார்ச் 15, சனி

மேல்மாடி பர்மிய அக்கா பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிற்றில் ஒரு பையை இறக்கினார். உள்ளே மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்காவும், மந்திரித்த நூல் ஒன்றும். என் கணவருக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டாராம். அவர் வீட்டுத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்கும், வீட்டைக் காக்கும் 'நாட்' என்ற ஆவிக்கு. மொஹிங்காவைச் சாப்பிட்டோம். நூலை நானே மாடி ஏறிப்போய்த் திருப்பிக் கொடுத்து, "எங்கள் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் அக்கா" என்றேன். அவர் வருத்தப்படவில்லை. அடுத்த பாத்திரத்துக்கும் கயிற்றை இறக்குவேன் என்றார்.

இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் விசுவாசத்தைக் காப்பது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

வகுப்புக்காக எபேசியர் 4ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம்.

"நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது, பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்."

ஐம்பது வருடமாகத் தெரிந்த வசனங்கள். 26ஐயும் 27ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவள் நான். கோபத்துக்கு ஒன்று, பிசாசுக்கு ஒன்று. இரண்டும் ஒரே மூச்சில் வருவதை இன்றுதான் பார்த்தேன். பிசாசுக்கு இடம் கிடைப்பது தேங்காயிலும் நூலிலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு தாண்டிய கோபத்தில் என்கிறார் பவுல்.

எழுதிவிடுகிறேன். மண்டலேயில் இருக்கும் என் தம்பியோடு நான் பேசுவதில்லை. அம்மா 2021 ஜூலையில் இறந்தார், ரங்கூன் முழுவதும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதம். அம்மா தன் ஆறு வளையல்களையும் முன்பே தம்பியிடம் பத்திரப்படுத்தக் கொடுத்திருந்தார். அவற்றை விற்றுப் பணம் அனுப்பு என்றேன். "பார்க்கிறேன் அக்கா" என்றான். பணம் வரவில்லை, சிலிண்டரும் கிடைக்கவில்லை. பணம் வந்திருந்தாலும் அந்த வாரம் சிலிண்டர் கிடைத்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். மறு வருடம் அவன் கடை வைத்தான்.

அதிலிருந்து 1300க்கும் மேற்பட்ட முறை சூரியன் அஸ்தமித்திருக்கிறது. இடையில் ஒரு ஞாயிறுகூட நான் ஆராதனைக்குத் தவறியதில்லை.

மார்ச் 28, வெள்ளி

மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்பு தலைசுற்றுவது போல இருந்தது. லெந்து பட்டினி என்று நினைத்தேன். பிறகு விளக்கு ஆடியது. தெருவே வெளியில் நின்றது. இங்கே பெரிய சேதமில்லை. நில நடுக்கம், 7.7 அளவு என்கிறார்கள். சகாயிங், மண்டலே பக்கம்.

தம்பியின் எண்ணை நான் அழிக்கவில்லை. அழைத்தேன். போகவில்லை. இரவு பதினொன்று வரை போகவில்லை.

மார்ச் 29, சனி

போகவில்லை. மண்டலே பக்கத்து ஆவா பாலம் ஆற்றில் விழுந்துகிடக்கும் படத்தைப் பார்த்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வார்த்தை வரவில்லை. வளையல், வளையல் என்றுதான் மனம் ஓடியது. இந்த நேரத்திலுமா என்று என் மேலேயே அருவருப்பு வந்தது.

மார்ச் 30, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு ஒரு புது எண். "அக்கா, நாங்கள் இருக்கிறோம்." வீட்டுச் சுவர் பிளந்துவிட்டதாம், கடை இல்லையாம், எல்லாரும் தெருவோரத்தில் படுக்கிறார்களாம். நாற்பது டிகிரி வெயில். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன். இணைப்பு அறுந்தது.

காலையில் சபையில் ஒருவர் எழுந்து, மண்டலேயின் விக்கிரகங்களுக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று ஜெபித்தார். வெள்ளிக்கிழமை தொழுகையில் இருந்தவர்களும், மடத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிக்குகளும், நம் சபையாரின் உறவினர்களும் ஒரே மண்ணுக்குள் கிடக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டவர் நம் ஆண்டவர்தானே? போதகர் ஐயா அந்தப் பகுதியைத் திறந்து சத்தமாக வாசித்தார். விளக்கம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நல்ல பிரசங்கத்தை அவரிடம் நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 5, சனி

மண்டலேக்கு அனுப்பச் சபையில் அரிசி சேர்க்கிறோம். நான் புடைக்க உட்கார்ந்தேன். கல்லும் உமியும் நிறைய. என்னோடு இருந்த பெண்ணுக்குச் சுளகு பிடிக்கத் தெரியவில்லை; பிளாஸ்டிக் பையில் அரிசி வாங்கும் தலைமுறை.

லூக்கா 22 நினைவுக்கு வந்தது. கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல உங்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டான் என்று இயேசு தம் சீடன் பேதுருவிடம் சொல்கிறார். புடைக்காதபடி தடுத்துவிட்டேன் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்போம். "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார், அவ்வளவே. புடைத்தல் நடக்கும். அன்றிரவே சேவல் கூவும் முன் 'அவரை அறியேன்' என்று மறுதலித்த பேதுருவிடமிருந்து எவ்வளவு உமி பறந்தது!

நில நடுக்கம் வந்து ஒரு வாரம் ஆகிறது. என்னிடமிருந்து என்ன பறந்தது என்றால், தம்பியை மன்னித்துவிட்டேன் என்று ஞாயிறு மாலை வந்த நினைப்புத்தான். புதன்கிழமை அவன் பணம் கேட்டு அழைத்தான். அனுப்பினேன். அனுப்பிவிட்டு, ஆறு வளையலின் இன்றைய விலையைக் கணக்குப் போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானும் நாளைதான் தொடக்கம். இந்த ஆண்டு பாட்டும் ஆட்டமும் இல்லை.

இப்போது ஊரில் புதுப் பயம். டிக்டாக்கில் ஜோதிடர் ஒருவர், ஏப்ரல் 21ஆம் தேதி பர்மாவின் எல்லா நகரங்களும் அதிரும், உயரமான கட்டடங்களில் இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். மேல்மாடி அக்கா மூட்டை கட்டுகிறார். நம் சபையாரும் கேட்கிறார்கள், "ஒருவேளை இருக்குமோ டீச்சர்?" மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்ட அம்மாளும் அதில் உண்டு. நில நடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது என்றேன். நம்பவில்லை. பயந்தவருக்கு நாள் ஒன்று வேண்டியிருக்கிறது, அன்றைக்கு மட்டும் பயந்தால் போதுமே.

பிள்ளைகளுக்கு, வேதாகமத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் கதை சொன்னேன். விழுந்த பாலத்துக்குப் பக்கத்து ஆவாவில்தான் அவரை 1824இல் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி தலையணைக்குள் தைத்துக் கொடுத்ததை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்வதில்லை, நான் சொன்னேன். 1826இல் அந்த மனைவி இறந்தார், ஆறு மாதத்தில் கைக்குழந்தையும். ஜட்சன் மௌல்மீன் அருகே காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடிதம் எழுதினார்.

"அப்புறம்?" என்றான் பட்டயக்காரப் பையன்.

அப்புறம் மொழிபெயர்ப்பு வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1834இல் முழு வேதாகமத்தையும் முடித்தார். அவருக்கு எந்த நாளில் ஆண்டவர் திரும்பத் தெரிந்தார் என்று பையன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நிற்பதில் சேருமா என்று நான் அவனைக் கேட்டேன். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான் டீச்சர் என்றான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எட்டு நிமிடம் கேட்டார்கள், நான்கு நிமிடம் பேசினேன். தயாரித்துவைத்த தாளை எடுக்கவில்லை. இந்த மொழியைச் சொல்லும்போது ஆணி அவர் கையில் இருந்தது, வலி ஆறிய பிறகு சொன்னதல்ல என்றேன். நான் இன்னும் இதைச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லி இறங்கினேன். என் கணவர் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஈஸ்டர். விடியற்காலை ஆராதனைக்குக் கூட்டம் நன்றாக இருந்தது.

இன்று குறித்த நாள். காலையிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்மாடி அக்காவுக்கும் அவர் பேத்திக்கும் தேநீரும் அவித்த ஈஸ்டர் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ பயப்படவில்லையா?" என்று கேட்டார். பயம்தான் என்றேன். உண்மைதானே. "பிறகு ஏன் மேலேயே இருக்கிறாய்?" துவைக்கிற துணி இருக்கிறது என்றேன். அவர் சிரித்து, முட்டையில் பாதியைப் பேத்திக்குக் கொடுத்தார்.

மணி ஐந்தரை. பூமி ஆடவில்லை. மத்தியானம் தம்பி அழைத்தான். தார்ப்பாய் வந்துவிட்டது, மழை தொடங்கும் முன் சுவரைக் கட்ட வேண்டும் என்றான். பிறகு, "அக்கா, அம்மாவின் வளையல் விஷயம்..." என்று தொடங்கினான். துணி காயவைக்க வேண்டும், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். துணி அப்போதே காய்ந்திருந்தது.

சூரியன் சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மின்சாரம் இல்லை. போனில் பன்னிரண்டு சதவீதம் இருக்கிறது. இதை எழுதிப் பதிவேற்றினால் குறையும். தம்பியை அழைத்துவிட்டு வந்து பதிவேற்றுகிறேன்.